பந்து பறப்பதற்கு முன் சொன்னீர்களா?

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையின் முகமே மாறிவிடும். மதியத்திலிருந்து டி.வி.தான். சோபாவில் தாத்தாவும் அப்பாவும், தரையில் பிள்ளைகள், நடுவில் தட்டு நிறைய சிக்கன் விங்ஸ். எல்லோர் உடம்பிலும் சொந்த ஊர் அணியின் சட்டை. எல்லோருக்கும் ஒரு பதவியும் உண்டு. சம்பளம் இல்லாத பயிற்சியாளர் பதவி!

"இந்த இடத்தில் போய் யாராவது பாஸ் கொடுக்கச் சொல்வார்களா? இந்த ஆளை முதலில் வேலையை விட்டுத் தூக்க வேண்டும்!" என்று தாத்தா கத்துவார். "போன வாரம் இதே பாஸில் ஜெயித்தபோது நீங்கள்தானே தாத்தா எழுந்து குதித்தீர்கள்?" என்று பேத்தி கேட்பாள். தாத்தாவிடமிருந்து பதில் வராது. கண் டி.வி.யில் இருக்கும்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிற வீடுகளில் வாராவாரம் நடக்கிற வழக்கு இது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பேத்தியின் கேள்வி லேசானது இல்லை. ஒருவர் எடுத்த முடிவு சரியா, தவறா என்பதை எதை வைத்து எடை போடுவது? கிடைத்த பலனை வைத்தா, முடிவெடுத்த நேரத்தில் அவர் கையில் என்ன இருந்தது என்பதை வைத்தா?

வழக்குக்குள் போவதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். பெயர்தான் ஃபுட்பால். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர், 100 யார்டு நீள மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் டச் டவுன், 6 புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாது என்று தோன்றினால் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்ளலாம். அது ஃபீல்டு கோல்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கபடியில் ரெய்டுக்கு ரெய்டு நிறுத்திவிட்டு, "இப்போது இடது பக்கமாகப் போ, இவரைத் தொடு, இப்படித் திரும்பு" என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? இங்கே நடப்பது அதுதான். ஒவ்வொரு முறையும் ஆட்டம் நிற்கும். அடுத்தது என்ன என்று முடிவு செய்து பந்தை எடுக்க பொதுவாக 40 விநாடி. பயிற்சியாளர் கையில் லேமினேட் செய்த பெரிய அட்டை இருக்கும். அதில் நுணுக்கி நுணுக்கி அச்சடித்த நூற்றுக்கும் மேற்பட்ட 'ப்ளே'க்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உதட்டசைவை எதிரணி படித்துவிடாதபடி அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் சொல்வார். குவார்ட்டர்பேக் எனப்படும் தலைமை ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் அது கேட்கும். 1994-லிருந்து இந்த வசதி இருக்கிறது. கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்தத் தொடர்பும் துண்டிக்கப்பட்டுவிடும்.

பயிற்சியாளருக்குக் கிடைக்கிற அதே 40 விநாடி ரசிகருக்கும் கிடைக்கிறது. ஓடவிடலாமா, பாஸ் கொடுக்கலாமா என்று அவரும் மனதுக்குள் ஒரு ப்ளேயைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம். பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தது மைதானத்துக்கு வந்து ஜெயிக்கும், அல்லது தோற்கும். ரசிகர் தேர்ந்தெடுத்தது மனதுக்குள்ளேயே இருக்கும். நடக்காத ஆட்டம் தோற்பதே இல்லை! நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் அறிவுரை சொல்கிறவருக்கு அமெரிக்கர்கள் 'திங்கட்கிழமை காலை குவார்ட்டர்பேக்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமைகளில் மறக்க முடியாதது 2015 பிப்ரவரி 2. முந்தைய நாள் அரிசோனாவின் கிளெண்டேலில் 49-வது சூப்பர் பவுல் நடந்தது. சியாட்டில் சீஹாக்ஸும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் மோதின. சியாட்டில் 24-28 என்று 4 புள்ளி பின்தங்கியிருந்தது. ஆனால் பந்து அவர்கள் கையில். டச் டவுன் கோட்டுக்கு இன்னும் ஒரே ஒரு யார்டு. ஒரு மீட்டர்கூட இல்லை. இரண்டாவது டவுன். 26 விநாடி மிச்சம். அணியிடம் இருந்தது 'பீஸ்ட் மோட்' என்று செல்லப்பெயர் பெற்ற மார்ஷான் லின்ச். நான்கு பேர் மேலே விழுந்தாலும் இழுத்துக்கொண்டு ஓடுகிற உடம்பு. அதற்கு முந்தைய ப்ளேயில் அவர்தான் 4 யார்டு ஓடிப் பந்தை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

பந்தை லின்ச்சிடம் கொடுப்பார்கள் என்று உலகமே நினைத்தது. சியாட்டில் பாஸ் கொடுத்தது. குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிந்த பந்து ரிக்கார்டோ லாக்கெட்டை நோக்கிப் போனது. நடுவில் பாய்ந்து பிடித்தவர் மால்கம் பட்லர். எந்த அணியும் டிராஃப்டில் தேர்வு செய்யாமல் விட்ட, முதல் வருட ஆட்டக்காரர். கோப்பை பேட்ரியாட்ஸுக்குப் போனது.

சியாட்டில் ரசிகரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் ரசிகரும் ஆட்டக்காரர்தான். 12-ம் எண் சட்டையை ரசிகர்களுக்கென்றே ஒதுக்கி, 1984-ல் யாருக்கும் தராமல் நிறுத்திவைத்த அணி அது. எதிரணி ப்ளே சொல்லும்போது காது கிழியக் கத்தி அதைக் கேட்கவிடாமல் செய்வதும், சொந்த அணி பந்தை எடுக்கும்போது மூச்சுக் காட்டாமல் இருப்பதும் அவர்கள் வேலை. 2013-ல் அந்தச் சத்தம் 137.6 டெசிபல் என்று கின்னஸில் பதிவானது. அப்படித் தொண்டை கிழியக் கத்தியவருக்கு, "ஏன் லின்ச்சிடம் கொடுக்கவில்லை?" என்று கேட்க உரிமை இல்லையா? இருக்கிறது. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே மோசமான முடிவு என்று அன்றே பலர் தீர்ப்பு எழுதினார்கள். தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

இப்போது எதிர்த்தரப்பு வாதம். லின்ச் அந்த சீசனில் ஒரு யார்டு தூரத்திலிருந்து 5 முறை ஓட முயன்றார். டச் டவுன் ஆனது ஒரு முறை. அதே சீசனில், அந்த இரவுக்கு முன்வரை, லீக் முழுவதிலும் ஒரு யார்டு கோட்டிலிருந்து எறியப்பட்ட பாஸ்களில் ஒன்றைக்கூட எதிரணி பறித்ததில்லை. ஒன்றைக்கூட!

அடுத்தது கடிகாரம். சியாட்டிலுக்கு மூன்று டவுன் மிச்சம், ஆட்டத்தை நிறுத்தும் 'டைம் அவுட்' ஒன்றுதான் மிச்சம். ஓடிப் பிடிபட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் கைக்கு வராமல் தரையில் விழுந்தால் கடிகாரம் தானாக நின்றுவிடும். 26 விநாடிக்குள் மூன்று வாய்ப்பையும் நிம்மதியாகப் பயன்படுத்த வேண்டுமானால் அதில் ஒன்றாவது பாஸாக இருப்பது நல்லது. அதை முதலிலேயே முடித்துக்கொண்டால், பிறகு லின்ச்சை ஒரு முறை ஓடவிட்டு, டைம் அவுட் எடுத்து, இன்னொரு முறையும் ஓடவிடலாம். எதிரணியும் ஓட்டத்தைத் தடுக்கவே கனத்த ஆட்களைக் குவித்து நிறுத்தியிருந்தது. இப்படிப் பார்த்தால் பாஸ் பைத்தியக்காரத்தனம் அல்ல.

கணக்கு தெரிந்த ரசிகர் இங்கேயும் விடமாட்டார். "சரி, பாஸ்தான். அதை ஏன் ஆள் நெருக்கடியான நடுப்பகுதியில் எறிய வேண்டும்? ஓரமாக எறிந்திருந்தால் போனால் வெளியே போயிருக்கும், பறிபோயிருக்காதே?" இது நல்ல கேள்வி. பலனைப் பார்த்துப் பிறந்த கோபம் இல்லை இது. வேறொரு வழி கையில் இருந்தது, அதில் ஆபத்து குறைவு என்று காரணம் காட்டும் வாதம். பேட்ரியாட்ஸ் அந்த வாரப் பயிற்சியிலேயே இதே ப்ளேயை ஆடிப் பார்த்திருந்தார்கள். பயிற்சியில் பட்லர் ஒரு நொடி தாமதித்து ஏமாந்தார். மைதானத்தில் ஏமாறவில்லை. ஆக, சியாட்டிலின் முடிவைத் தோற்கடித்ததில் எதிரணியின் உழைப்புக்கும் பங்கு உண்டு. தோற்றவர் மடையர் என்று சொல்கிற அவசரத்தில் ஜெயித்தவரின் திறமையை மறந்துவிடுகிறோம்.

முன்னாள் போக்கர் ஆட்டக்காரர் ஆனி டியூக், 2018-ல் எழுதிய 'திங்கிங் இன் பெட்ஸ்' என்ற புத்தகத்தை இந்த ஒரு ப்ளேயை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார். பலனைப் பார்த்துவிட்டு முடிவுக்கு மார்க் போடும் பழக்கத்துக்குச் சீட்டாட்டக்காரர்கள் 'ரிசல்ட்டிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்கிறார். நம் தெருவுக்கே வந்து பார்க்கலாம். ஹெல்மெட் போடாமல் பைக்கில் போனவர் பத்திரமாக வீடு திரும்பிவிட்டார். அதனால் ஹெல்மெட் போடாதது நல்ல முடிவாகிவிடுமா?

இப்படித் தீர்ப்பு எழுதுவதால் என்ன நஷ்டம், ரசிகர்தானே, கத்திவிட்டுப் போகட்டும் என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் டேவிட் ரோமர் மூன்று சீசன் ஆட்டங்களை எடுத்துக் கணக்குப் போட்டு, 2006-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நான்காவது டவுனில் துணிந்து முயல வேண்டிய பல இடங்களில் அணிகள் பயந்து பந்தை உதைத்து அனுப்பிவிடுகின்றன, இது வெற்றி வாய்ப்பைக் குறைக்கிறது என்பதே அவர் கண்டது.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. வழக்கப்படி உதைத்துவிட்டுத் தோற்றால் ஆட்டக்காரர்கள் மேல் பழி. துணிந்து முயன்று தோற்றால் பயிற்சியாளர் மேல் பழி. வேலை போய்விடும் என்கிற பயம் யாருக்குத்தான் இல்லை?

அந்தப் பழி எப்படி இருக்கும் என்பதை பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் 2009 நவம்பரில் பார்த்தார். அவர் பொருளாதாரம் படித்தவர். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் 34-28 என்று முன்னிலை. இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சம். நான்காவது டவுன், தேவை இரண்டே யார்டு. ஆனால் இடம் ஆபத்தானது, தன் பக்கத்து 28 யார்டு கோடு. எல்லோரும் உதைக்கிற இடத்தில் அவர் பாஸ் கொடுக்கச் சொன்னார். பந்தைப் பிடித்தார்கள், தூரம் ஒரு மயிரிழை போதவில்லை. கோல்ட்ஸ் 35-34 என்று ஜெயித்தது. எதிரில் பேட்டன் மானிங் போன்ற குவார்ட்டர்பேக் இருக்கும்போது பந்தைத் திருப்பிக் கொடுக்காமலிருக்க முயன்றது நியாயமே என்று புள்ளிவிவரக்காரர்கள் வாதாடினார்கள். பெலிசிக்குக்குத் தலைக்கனம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஏற்கெனவே மூன்று சூப்பர் பவுல் ஜெயித்திருந்ததால் அவர் தாக்குப்பிடித்தார். புதிதாக வேலைக்கு வந்த ஒருவருக்கு அந்தத் துணிச்சல் வருமா? ரசிகரின் கூச்சல் டி.வி. முன்னாலேயே நின்றுவிடுவதில்லை. அது அடுத்த பயிற்சியாளரின் கை நடுக்கமாக மைதானத்துக்குள் போய்விடுகிறது.

அதே ரசிகர்கள் துணிச்சலைத் தலையில் வைத்துக் கொண்டாடியதும் உண்டு. 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், மீண்டும் சூப்பர் பவுல். பிலடெல்பியா ஈகிள்ஸ் முதல் பாதி முடிய 38 விநாடி இருக்கும்போது நான்காவது டவுனில் ஒரு யார்டு தூரத்தில் நின்றது. 3 புள்ளியைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் ஓரத்துக்கு வந்து ஒரு வித்தை ப்ளேயைச் சொல்லி, "அதை ஆடலாமா?" என்று கேட்டார். பயிற்சியாளர் டக் பீடர்சன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். பந்து மூன்று பேர் கை மாறி, பாஸ் எறிய வேண்டிய குவார்ட்டர்பேக்கே அதைப் பிடித்து டச் டவுன் அடித்தார். 'பிலி ஸ்பெஷல்' என்று பெயர் பெற்ற அந்த ப்ளேக்கு, அதாவது அந்த இருவரும் பேசி நின்ற அந்த நொடிக்கு, பிலடெல்பியா மைதானத்தின் வெளியே சிலையே வைத்துவிட்டார்கள். ஃபோல்ஸ் கையிலிருந்து பந்து நழுவியிருந்தால்? முடிவு அதேதான். சிலை இருந்திருக்காது. பீடர்சனின் பெயர் கேரலின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.

அந்த 2018 ஆட்டத்தில் தோற்றது பேட்ரியாட்ஸ். மூன்று வருடம் முன்பு கோப்பையைப் பறித்துக் கொடுத்த மால்கம் பட்லரை அன்று பெலிசிக் தடுப்பாட்டத்தில் ஒரு முறைகூட இறக்கவில்லை. ஏன் என்று பொதுவில் தெளிவாக விளக்கவும் இல்லை. 41-33 என்று அணி தோற்றது. அங்கே ரசிகர்கள் கேட்ட கேள்வி இன்றுவரை நியாயமாகவே நிற்கிறது. கணக்கும் சொல்லாமல் காரணமும் சொல்லாமல் எடுக்கிற முடிவுக்குக் கணக்கு காட்டி வக்காலத்து வாங்க முடியாது.

இவற்றையெல்லாம்விட மனதைத் தொடுவது டெட்ராய்ட். அந்த ஊர் லயன்ஸ் அணி கடைசியாக லீக் பட்டம் வென்றது 1957-ல். சூப்பர் பவுல் என்ற போட்டியே பிறக்காத காலம். 2008-ல் 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. பாட்டனார் காத்திருந்து, மகன் காத்திருந்து, பேரன் கையில் சட்டையைக் கொடுத்த குடும்பங்கள் அங்கே உண்டு. டான் கேம்பெல் பயிற்சியாளராக வந்தார். நான்காவது டவுனில் உதைக்காமல் துணிந்து முயல்வதே அவர் பாணி. அந்தத் துணிச்சலோடு 2024 ஜனவரியில், 32 வருடத்துக்குப் பிறகு முதல் பிளே ஆஃப் வெற்றி வந்தது. ஊரே அழுதது.

அதே மாதம் 28-ம் தேதி, சூப்பர் பவுலுக்கு ஒரே ஒரு படி கீழே, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் லயன்ஸ் 24-7 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டாவது பாதியில் இரண்டு முறை, ஃபீல்டு கோல் உதைக்கக்கூடிய தூரத்தில், கேம்பெல் உதைக்காமல் துணிந்தார். ஒரு முறை பந்து ஆட்டக்காரரின் கையில் பட்டு நழுவியது. இன்னொரு முறை பாஸ் போய்ச் சேரவில்லை. 34-31 என்று தோல்வி. வித்தியாசம் 3 புள்ளி. ஒரு ஃபீல்டு கோலின் மதிப்பும் 3 புள்ளி. வலிக்காமல் எப்படி இருக்கும்?

வருத்தப்படவில்லை, விமர்சனம் வரும் என்றும் தெரியும் என்று கேம்பெல் அன்றே சொன்னார். திட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் "இந்த ஆளின் இந்தக் குணம்தானே நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தது? வரும்போது வேண்டும், போகும்போது வேண்டாம் என்றால் எப்படி?" என்று சொன்ன டெட்ராய்ட்காரர்களும் குறைவில்லை. 66 வருடம் காத்திருந்தவர்கள், இன்னும் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்த இரவில் அப்படிச் சொன்னது பெரிய மனசு. அணி அவரை வைத்துக்கொண்டது. அடுத்த சீசனில் லயன்ஸ் 17 ஆட்டத்தில் 15-ஐ ஜெயித்தது.

"அப்படியானால் ரசிகருக்கு ஒன்றும் தெரியாதா? அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்கலாம். கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 1951 ஆகஸ்டில் பேஸ்பால் விளையாட்டில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களுக்கு 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய அட்டைகளைக் கொடுத்து, முடிவுகளை அவர்களிடமே விட்டார். அணி மேலாளர் சாய்வு நாற்காலியில் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த சீசனில் 102 ஆட்டம் தோற்ற அணி, அன்று 5-3 என்று ஜெயித்தது! 2021-ல் ஃபுட்பாலிலும், செயலி வழியாக ரசிகர்கள் வாக்களித்து ப்ளே தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு லீக் ஜார்ஜியாவில் தொடங்கியது. வாக்களித்த பிறகு தோற்றால் திட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது என்பதே அதன் அழகு.

ரசிகர் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. வாதம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் என்ன சுவை இருக்கிறது? ஆனால் நியாயமாக வாதாட ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு தாளும் பேனாவும் போதும். ஆட்டம் நிற்கிற அந்த 40 விநாடியில், பந்து பறப்பதற்கு முன், "நானாக இருந்தால் இதைச் செய்வேன், காரணம் இது" என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். நடந்த பிறகு எழுதக் கூடாது. எழுதியதை அடிக்கவும் கூடாது. நான்கு ஞாயிறு இப்படிச் செய்துவிட்டு அந்தத் தாள்களை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். திட்டுவதற்கு அப்போதும் நிறைய இருக்கும். திட்டு வாங்குகிற ஆள் மட்டும் சில இடங்களில் மாறியிருக்கலாம்.